புதுவையா, வேலூரா?

 

வானூர் வட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசைமீது இருக்கிறது. வழக்கமாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் மார்க்கச் சட்டம் கேட்பார்கள்; குடும்பப் பிணக்கு ஒன்றைச் சொல்லித் தீர்வு கேட்பார்கள். இந்தச் சகோதரி கேட்டிருப்பதோ, இரண்டு நாள் விடுமுறையில் குடும்பத்துடன் எந்த ஊருக்குப் போகலாம் என்பதுதான். இதற்கெல்லாமா பத்தி எழுதுவது என்று முதலில் நானும் ஒதுக்கி வைத்தேன். மறுமுறை படித்தபோது ஒதுக்க முடியவில்லை.

அவருடைய கணவர் திண்டிவனத்தில் கடை வைத்திருக்கிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சனி, ஞாயிறு கடையை அடைத்துவிட்டுக் குடும்பத்தை வெளியூர் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். புதுவைக்குப் போகலாம், அருகில் இருக்கிறது, செலவு குறைவு என்பது அவர் கருத்து. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வேலூர்க் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். 1806ஆம் ஆண்டுப் புரட்சியைப் பாடத்தில் படித்திருக்கிறாள். மாமியாரோ, சும்மா ஊர் சுற்றுவது எதற்கு என்று கேட்கிறார். சகோதரியின் கருத்தை மட்டும் வீட்டில் எவரும் கேட்கவில்லை போலும். கடிதத்தில் அவர் எழுதியிருப்பது இதுதான்: இரண்டு ஊர்களிலும் அவர் இருந்திருக்கிறார். புதுவையில் மாமனாரின் நோய்க்காக ஜிப்மர் மருத்துவமனை வரிசையில் பலமுறை நின்றிருக்கிறார். வேலூரில் தம்பியின் அறுவைச் சிகிச்சைக்காகப் பதினொரு நாட்கள் தங்கியிருக்கிறார். ஆயினும் புதுவைக் கடற்கரையில் அவர் அமர்ந்ததில்லை. வேலூர்க் கோட்டைக்குள் நுழைந்ததில்லை.

இதை என் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். "இதில் என்ன புதுமை?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இம்மாதப் பகுதியை இவ்விரு ஊர்களுக்கும் ஒதுக்குகிறேன்.

பயணம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. பூமியில் சுற்றிவந்து, முன்னிருந்தோரின் முடிவு எப்படி ஆனது என்று பார்க்குமாறு திருமறை பல இடங்களில் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதல் ஆண்களுக்கு மட்டும் உரியதென்று எவரும் சொன்னதில்லை. ஆனால் நம் வீடுகளின் நடைமுறை வேறு. நாம் கூட்டங்களுக்கும் கொள்முதலுக்கும் நண்பர் வீட்டுத் திருமணத்துக்கும் போய்வருகிறோம். நம் பெண்கள் வீட்டுப்படியைத் தாண்டி நெடுந்தூரம் செல்வது பெரும்பாலும் ஒரு நோய்க்காக, அல்லது ஒரு மரணத்துக்காக.

இனி ஊர்களைப் பார்ப்போம்.

அருகில் இருக்கும் ஊர்

வானூரிலிருந்து புதுவைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம் வட்டத்தைச் சேர்ந்த கோட்டக்குப்பத்துச் சகோதரர்களுக்கோ புதுவை வெளியூரே அன்று, தெருவின் மறுமுனை. இப்படி அருகிலேயே இருப்பதால்தான் அந்த ஊரை நாம் கூர்ந்து பார்ப்பதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் அங்கே குடியேறினார்கள். 1693இல் டச்சுக்காரர்கள் அதைப் பறித்தார்கள். சில ஆண்டுகளில் திரும்பக் கொடுத்தார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் கைப்பற்றி, கோட்டையையும் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பலமுறை கைமாறியபின் 1816இல் மீண்டும் பிரான்சு வசமாயிற்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16இல். இன்று நாம் காணும் நேர்நேரான வீதிகளுக்கும் மஞ்சள் சுவர்களுக்கும் அடியில் இத்தனை இடிபாடுகள் உள்ளன.

கடற்கரைச் சாலையில் மாலை நேரங்களில் வாகனங்களை விடுவதில்லை. குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையின்றி நடக்கவிடலாம். காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அவை நம் மாவட்டத்துச் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அருகிலேயே 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. பாரதி பூங்காவின் நடுவில் உள்ள வெண்ணிற ஆயி மண்டபத்துக்கு ஒரு கதை உண்டு. ஆயி என்ற பெண் தன் மாளிகையைத் தானே இடித்து, ஊர் மக்களுக்குக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்தபோது, பிரெஞ்சு அரசு அவள் பெயராலேயே மண்டபம் எழுப்பியது. ஆட்சியாளர்களின் சிலைகள் நிறைந்த ஊரின் நடுவில், தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது.

புதுவைக்குப் போகும் நம்மவர்களில் பலர் பார்க்காமலே திரும்பும் பகுதி ஒன்றுண்டு. பழைய நகரின் தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதி ஆகியவற்றை ஒட்டிய முஸ்லிம் குடியிருப்புதான் அது. கீழே தமிழ்நாட்டுத் திண்ணையும், மேலே பிரெஞ்சுப் பாணி நெடுஞ்சாளரமும் கொண்ட வீடுகளை அங்கே காணலாம். அவ்வீடுகளின் முன்னோர் பலர் இந்தோசீனாவின் சைகோன் நகருக்குக் கப்பலேறி வணிகம் செய்தவர்கள். இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அவ்வூரில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்னும் இருக்கிறது. தமிழ் பேசி, பிரெஞ்சு படித்து, வியட்நாமில் பள்ளிவாசல் கட்டிய ஒரு சமுதாயத்தின் தெரு நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்தால் விடுதி வாடகை ஏறிவிடுகிறது. அங்கே மது தாராளமாகக் கிடைப்பதால், அதற்காகவே வருவோரும் உண்டு. அதை எண்ணி நம்மவர்கள் சிலர் குடும்பத்துடன் அங்கே போகத் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமே, ஆனால் கடற்கரை குடிப்பவர்களுக்கு எழுதிவைத்த சொத்தன்று. வார நாளில், அஸர் வேளையில் சென்று பாருங்கள். பாட்டிமாரும் பேரக்குழந்தைகளும்தான் அங்கே அமர்ந்திருப்பார்கள். கடலில் இறங்க மட்டும் எவரையும் விடாதீர்கள். அந்தப் பகுதிக் கடல் அமைதியாகத் தோன்றும், உள்ளிழுப்பு கடுமையானது.

வந்தவாசி வழியே

வேலூர் அப்படிப்பட்ட அண்டைவீடு அன்று. வானூரிலிருந்து திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வழியாகச் செல்ல 130 கிலோமீட்டருக்குக் குறையாது. பேருந்து மாறும் நேரத்தையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். ஆனால் அந்த வழியே ஒரு பாடம்தான். பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயத் தளபதி கூட் முறியடித்தது 1760 ஜனவரி 22இல், வந்தவாசியில். அங்கே தோற்றதால்தான் மறு ஆண்டு புதுவை விழுந்தது. பேருந்து வந்தவாசியில் நிற்கும் பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிட்டால், பிள்ளைகளுக்குப் புதுவையும் வேலூரும் ஒரே கதையின் இரண்டு ஊர்களாகிவிடும்.

சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் மீண்டும் வழிபாடு தொடங்கியதால் கேலியின் முதற்பகுதி காலாவதியாகிவிட்டது. பாலாறு பெரும்பாலான நாட்களில் இன்னும் மணலாகத்தான் கிடக்கிறது. கோட்டை மட்டும் சற்றும் தளராமல் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது; பரப்பு 133 ஏக்கர்; சுற்றிலும் அகழி. ஒரே மதிலுக்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் உள்ளன. பள்ளிவாசல் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே தொழுகை நடப்பதில்லை. தொழுகைக்குக் கோட்டையை விட்டு வெளியே வர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மகள் பாடத்தில் படித்த நிகழ்ச்சி நடந்தது இங்கேதான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதானபின், அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்துப் பெண்களையும் ஆங்கிலேயர் இக்கோட்டையில் காவலில் வைத்தனர். பின்னர் சென்னைப் படையில் ஓர் ஆணை வந்தது. சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது, தோல்பட்டை வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. நெற்றிக்குறியை அழிக்கச் சொன்னது இந்துவுக்கு வலித்தது. தாடியை மழிக்கச் சொன்னது முஸ்லிமுக்கு வலித்தது. இருவரும் 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சேர்ந்து எழுந்தார்கள். கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. மைசூர்க் கொடி ஏறியது. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் மாண்டனர். ஆனால் சில மணி நேரத்துக்குள் ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற தளபதி குதிரைப்படையுடன் வந்து சேர்ந்தான். அன்று பகலுக்குள் ஏறத்தாழ 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். 1857ஆம் ஆண்டின் பெரும் எழுச்சிக்கு 51 ஆண்டுகள் முந்தியது இது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவியிழந்தார்கள். அந்த ஆணையும் திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள், பெண்களில் சிலர் இங்கேயே தங்கி மண்ணுக்குள் போனார்கள். கோட்டையிலிருந்து சற்றுத் தொலைவில் ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாத்ஷா பேகம் ஆகியோரின் அடக்கத்தலங்கள் உள்ளன. பாத்ஷா பேகம் இறந்தது 1834இல். 1799இல் காவலில் வைக்கப்பட்டவர், முப்பத்தைந்து ஆண்டுகள் தம் ஊரைக் காணாமல் வேலூரிலேயே கண்மூடினார். கோட்டையைப் பார்க்க வரும் பலர் அங்கே செல்வதில்லை. நீங்கள் சென்று ஸலாம் சொல்லி துஆச் செய்யுங்கள்.

இலங்கையின் கண்டி நகரை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனும் இதே கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தவர். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் இருக்கிறது. அரசனில்லாக் கோட்டை என்ற கேலி, அரசர்களைச் சிறைவைத்த கோட்டை என்றிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும்.

எங்களைப் போன்ற மதரஸாக்காரர்களுக்கு வேலூர் என்றாலே பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரிதான். அஃலா ஹஜ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஊன்றிய அந்த விதையின் கனிகளைத் தமிழகத்தில் மட்டுமன்றிக் கேரளத்திலும் இலங்கையிலும் காணலாம். அங்கே ஓதித் தேறியவர்களின் பெயருக்குப் பின்னால் பாகவி என்ற பட்டம் வரும். திருக்குர்ஆனின் முழுமையான தமிழாக்கத்தை 1949இல் நமக்குத் தந்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் பெயரில் இருப்பதும் அதுவே. உங்கள் வீட்டு அலமாரியில் அந்தத் தர்ஜமா இருந்தால், அதன் ஊற்று எங்கே என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டு வரலாம்.

வேலூர்த் தெருக்களில் நம்மவர்கள் உருது பேசக் கேட்டு உங்கள் குழந்தைகள் வியக்கக்கூடும். தமிழையே வீட்டுமொழியாகக் கொண்ட நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, சமுதாயம் என்பது நம் தெரு மட்டுமன்று என்று உணர்த்த அதுவும் உதவும்.

திண்டிவனத்தின் ஓர் இரவு

சகோதரி பதினொரு நாட்கள் தங்கிய மருத்துவமனைக்கு வருவோம். அதன் பிறப்புக் கதை நம் மாவட்டத்தில் தொடங்குகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1890களில் திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் பணியாற்றினார். தாயின் உடல்நலக் குறைவால் அவருடைய மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இந்த நாட்டில் தங்கும் எண்ணம் அப்பெண்ணுக்கு இல்லை. ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பிராமணர், மற்றொருவர் வேறு சாதி இந்து, இன்னொருவர் முஸ்லிம். மூவரும் ஐடாவையே உதவிக்கு அழைத்தார்கள். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தைதான் மருத்துவர், அவர் வருவார் என்று அவர் சொன்னார். ஆண் மருத்துவர் தம் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அந்த இரவுதான் ஐடாவை மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947இல்தான். இன்று காந்தி ரோட்டில் நின்றால் வங்காள மொழியில் எழுதிய பெயர்ப்பலகைகளைக் காணலாம். அத்தனை தூரத்திலிருந்து நோயாளிகள் வருகிறார்கள்.

அந்த மூவரில் ஒருவர் நம்மவர் என்பதை நான் எண்ணிப் பார்க்கிறேன். அவர் தம் மனைவியை நேசிக்காதவர் அல்லர். நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டியவர். மானத்தைக் காக்க நினைத்தார். உயிரைக் காக்கும் ஏற்பாடு அவர் கையில் இல்லை. உயிராபத்து நேரும்போது பெண் மருத்துவர் கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவர் பார்ப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. அதைப் பிக்ஹு நூல்கள் தெளிவாகவே பேசுகின்றன. அந்த இரவில் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை போலும். நம் பெண்களைப் பெண்களே பார்க்க வேண்டும் என்று இன்றும் விரும்புகிறோம். நல்ல விருப்பம்தான். அப்படியானால் நம் பெண் பிள்ளைகளுள் சிலர் மருத்துவம் படித்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு மகளை வேலூருக்கு அழைத்துச் செல்லும் தந்தை, கோட்டையைக் காட்டியபின் அந்த மருத்துவமனை வாசலிலும் அவளைச் சற்று நேரம் நிறுத்தி, திண்டிவனத்து இரவைச் சொல்லட்டும்.

கணக்குப் பார்த்தால்

செலவைப் பொறுத்தவரை புதுவைக்குப் போவது எளிது. இரவு தங்கத் தேவையில்லை. வேலூரில் ஓர் இரவாவது தங்க வேண்டும். நோயாளிகளின் உறவினர்களுக்காகவே மருத்துவமனையைச் சுற்றி எளிய விடுதிகள் நிறைய உண்டு; ஆனால் அவை விரைவில் நிரம்பிவிடும். முன்பே சொல்லிவைப்பது நல்லது.

வேலூர் வெயில் பெயர் பெற்றது. சித்திரை, வைகாசியில் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லாதீர்கள். தையும் மாசியும் ஏற்றவை. புதுவைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் தடை. வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்களைப் போன்ற மதரஸா ஆசிரியர்களுக்கும் அன்றுதான் விடுமுறை என்பது எங்கள் நஸீபு! ஞாயிறில் செல்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உணவுக்கு இரண்டு ஊர்களிலும் குறைவில்லை. புதுவையில் மீன், வேலூரில் பிரியாணியும் அதற்குத் துணையாக வரும் கத்திரிக்காயும். அம்மாவட்டத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் வீட்டுப் பெண்கள் அதில் அரைக் கிலோவாவது வாங்காமல் பேருந்து ஏறமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம்.

தொழுகையிலும் ஒரு வேறுபாடு உண்டு. வானூரிலிருந்து புதுவைக்குச் செல்பவர் மார்க்கச் சட்டப்படி முஸாஃபிர் ஆகமாட்டார்; தொழுகையைச் சுருக்க இயலாது. வேலூரோ உலமாக்கள் கூறும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்தது. ஆகவே லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டிரண்டு ரக்அத்களாகத் தொழலாம்; மஃரிபிலும் சுபுஹிலும் மாற்றமில்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த நேரத்தில்தான் தொழ வேண்டும். உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் இருசாராரும் முழுமையாகவே தொழ வேண்டும். பிள்ளைகளுக்குக் கஸ்ர் சட்டத்தை வகுப்பில் பத்து நாள் விளக்குவதைவிட, ஒருமுறை பயணத்தில் தொழவைப்பது மேல் என்பது என் அனுபவம்.

பையுடன் வெளியே நிற்பவர்

தொழுகை என்றவுடன் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்துடன் ஓர் ஊருக்குச் சென்றிருந்தேன். அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். நானும் மகனும் பள்ளிவாசலுக்குள் சென்று, ஹவுளில் உளூச் செய்து, விசிறியின் கீழ் ஜமாஅத்துடன் தொழுது, துஆவையும் முடித்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தோம். என் துணைவியார் எதிரே அடைத்திருந்த ஒரு கடையின் படியில் பைகளுடன் அமர்ந்திருந்தார். அவருக்கு உளூச் செய்ய இடமில்லை, கழிப்பறை இல்லை, தொழ ஓர் ஓரமும் இல்லை. "நீங்கள் தொழுதுவிட்டீர்களா?" என்று என்னைக் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதரஸாவில் நான் நடத்த வேண்டியிருந்த பாடம், தொழுகையை அதன் நேரத்தில் நிறைவேற்றுவது பற்றியது.

பெண்கள் பள்ளிவாசலுக்கு வரலாமா, வீட்டில் தொழுவது சிறப்பா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே புகவில்லை. வீட்டில் தொழுவதே சிறப்பு என்பவர்களையே கேட்கிறேன்: வழிப்போக்கருக்கு அந்த ஊரில் வீடு ஏது? அவர்மீது தொழுகை கடமையில்லையா? நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்கள் சிலவற்றில் இப்போது பெண்களுக்கெனத் தனி அறையும் உளூச் செய்யும் இடமும் அமைத்திருக்கிறார்கள். அல்லாஹ் அந்த நிர்வாகிகளுக்கு நற்கூலி வழங்குவானாக! அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. உள்ளே தாழிடக்கூடிய ஒரு கதவு, ஒரு குழாய், ஒரு கழிப்பறை, நான்கு பாய், வெளியே ஓர் அறிவிப்புப் பலகை. புதுவை, வேலூர் போன்ற ஊர்களுக்கு நாள்தோறும் நோயாளிகளுடன் எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்பதை எண்ணினால், பேருந்து நிலையங்களையும் மருத்துவமனைகளையும் ஒட்டிய பள்ளிவாசல்களின் ஜமாஅத்தார் இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க மாட்டார்கள். அலங்கார விளக்குகள் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கட்டும்.

அதுவரை குடும்பத்துடன் செல்லும் சகோதரர்கள் ஒன்று செய்யலாம். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே, பெண்கள் எங்கே தொழுவார்கள், எங்கே ஒதுங்குவார்கள் என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். விடுதி அறையைத் தொழுகை நேரத்துக்குத் திரும்பக்கூடிய தூரத்தில் எடுங்கள். வேலூரில் கோட்டையும் விடுதிகளும் அருகருகே இருப்பதால் இது எளிது.

என் முடிவு

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். கையில் இருப்பது இரண்டு நாள் என்றால் வேலூருக்குப் போங்கள். புதுவைக்கு இரண்டு நாள் தேவையில்லை. கடையை அடைக்கக்கூட வேண்டியதில்லை. ஒரு வார நாளில் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், கடற்கரையில் அமர்ந்துவிட்டு இரவு உணவுக்கு வீடு திரும்பலாம். மாதம் ஒருமுறை அப்படிச் செல்லலாம்; ஒருமுறை கடற்கரை, ஒருமுறை பூங்கா, ஒருமுறை முல்லா வீதி. அருகில் இருப்பதைச் சிறிது சிறிதாகப் பார்ப்பதும், தொலைவில் இருப்பதற்கு அரிய விடுமுறையை ஒதுக்குவதுமே சிக்கனம். எனவே செலவை எண்ணிப் புதுவை என்ற சகோதரரும் தோற்கவில்லை. பாடத்தை எண்ணி வேலூர் என்ற மகளும் தோற்கவில்லை.

மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். சும்மா ஊர் சுற்றுவது எதற்கு என்று கேட்பவர்களில் பலர், தம்மை எவரும் எங்கும் அழைத்துப் போகாதவர்கள். கோட்டை மதில்மேல் ஏற அவரால் முடியாவிட்டால், அகழியோரப் புல்வெளியில் அமரட்டும். அவரிடமிருந்து அன்று வெளிவரும் பழங்கதைகளைப் பேரக்குழந்தைகள் வேறெங்கும் கேட்க முடியாது.

சகோதரர்களே, இந்த இதழை மூடிவைக்கும் முன் உங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நோயும் மரணமும் இன்றி, கடைசியாக எப்போது ஓர் ஊருக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். பதில் வர நேரமானால், அந்த நேரமே பதில்.

அந்தக் கடிதத்தின் கடைசி வரியில், இப்படியொரு கேள்வியைக் கேட்டதற்காக மன்னிக்கும்படி அச்சகோதரி எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் அல்லர். நல்ல உடல்நலத்துடனும் மனநிறைவுடனும் இரண்டு ஊர்களையும் கண்டுவர அல்லாஹ் அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அருள்புரிவானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.